சொல்லாமல் வருகிறவை: தற்காலிக எக்ஸ் கதிர் மூலங்களையும் வால்மீன்களையும் பார்ப்பது எப்படி?

வியாழன் அடுத்த வருடம் இதே தேதியில் எங்கே இருக்கும் என்று கேட்டால் இப்போதே சொல்லிவிடலாம். சந்திர கிரகணம் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தொடங்கும் என்பதிலும் சந்தேகம் கிடையாது. ஆனால் வானத்தில் இரண்டு வகையறாக்கள் இந்த ஒழுங்குக்கெல்லாம் அடங்குவதில்லை. ஒன்று வால்மீன். அது வரும் பாதை தெரியும், எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பது தெரியாது. இன்னொன்று, பல வருடம் சத்தமே இல்லாமல் கிடந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று விழித்து, சில வாரமோ சில மாதமோ எக்ஸ் கதிர்களைக் கொட்டித் தீர்த்துவிட்டு மறுபடி அடங்கிவிடும் தற்காலிக எக்ஸ் கதிர் மூலங்கள். இவற்றின் இடம் தெரியும் (சிலவற்றுக்கு அதுவும் தெரியாது), நேரம் தெரியாது.

இரண்டும் இயற்பியலில் வெவ்வேறு. ஒன்று நம் சூரியக் குடும்பத்துப் பனிக்கட்டி, மற்றது பல ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கருந்துளையோ நியூட்ரான் விண்மீனோ (பெரிய விண்மீன் வெடித்த பின் மிஞ்சும் மிகச் செறிவான உட்கரு). ஆனாலும் இங்கிருந்து பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் தேவைப்படும் வித்தை ஒன்றுதான்: இன்று இது எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். பெரிய தொலைநோக்கி, விலை உயர்ந்த கேமரா எல்லாம் அப்புறம்தான்.

எக்ஸ் கதிரைத் தரையிலிருந்து பார்க்க முடியுமா?

முடியாது. மருத்துவமனையில் உடம்பையே துளைத்துப் போகும் கதிர் நம் காற்று மண்டலத்தைத் துளைக்காதா என்று தோன்றும். ஆனால் மேலே இருக்கும் காற்றின் மொத்தக் கனம் அதைத் தடுக்கத் தாராளமாகப் போதும். நல்லதுதான், இல்லையென்றால் இதை எழுத நானும் படிக்க நீங்களும் இருந்திருக்க மாட்டோம். அதனால் எக்ஸ் கதிர் வானியல் என்பதே ராக்கெட் வந்த பிறகு பிறந்த துறை. 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவரது குழுவினரும் நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்க ஒரு சின்ன ராக்கெட்டை அனுப்பினார்கள். அது காற்று மண்டலத்துக்கு மேலே இருந்தது சில நிமிடங்கள்தான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, நிலாவுக்குப் பதில் விருச்சிகத்தின் பக்கமிருந்து யாரும் எதிர்பாராத பலத்த எக்ஸ் கதிர் வந்தது. அதுதான் ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1, சூரியனைத் தவிர்த்து முதலில் கண்டுபிடிக்கப்பட்ட எக்ஸ் கதிர் மூலம். ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது அந்த வேலையைச் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொள்கின்றன. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் 2009-லிருந்து மாக்ஸி என்ற ஜப்பானியக் கருவி உட்கார்ந்திருக்கிறது. நிலையம் பூமியை ஒரு சுற்று சுற்றுகிற ஒன்றரை மணி நேரத்தில் அதுவும் வானத்தை ஏறக்குறைய முழுசாக ஒரு தடவை துழாவிவிடும். 2004-ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், 2024 ஜனவரியில் ஏவப்பட்ட சீனாவின் ஐன்ஸ்டைன் புரோப் எல்லாம் இதே காவல் வேலைக்காரர்கள்தான். புதிதாக எங்காவது ஒன்று வெடித்தால் சில மணி நேரத்துக்குள் செய்தி உலகம் முழுக்கப் போய்விடும்.

சரி, எக்ஸ் கதிர் நமக்கு வரவே வராது என்றால் நாம் எதைப் பார்ப்பது?

அந்த மூலம் கூடவே அனுப்பும் சாதாரண ஒளியை. இது எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றது சுலபம். இந்தத் தற்காலிக மூலங்களில் பெரும்பாலானவை இரட்டைகள். ஒரு பக்கம் கருந்துளை அல்லது நியூட்ரான் விண்மீன், மறுபக்கம் ஒரு சாதாரண விண்மீன், இரண்டும் ஒன்றையொன்று நெருக்கமாகச் சுற்றுகின்றன. சாதாரண விண்மீனிலிருந்து வாயு கசிந்து கருந்துளையை நோக்கிப் போகும், ஆனால் நேராக உள்ளே விழாது. சுற்றுகிற வேகம் இருப்பதால் ஒரு தட்டையான வட்டாக அதைச் சுற்றிச் சேரும். வட்டு குளிர்ந்திருக்கும்வரை வாயு அங்கேயே தேங்கிக்கொண்டிருக்கும், உள்ளே போவது கொஞ்சம்தான். வருடக்கணக்கில் இப்படிச் சேர்ந்து சேர்ந்து, ஏதோ ஒரு இடத்தில் வெப்பம் பல ஆயிரம் டிகிரிக்கு ஏறும்போது ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அதோடு வட்டின் குணமே மாறிவிடுகிறது. வாயு அடுக்குகளுக்கு நடுவே உராய்வு பல மடங்காகி, தேங்கியிருந்ததெல்லாம் மதகைத் திறந்துவிட்ட ஏரி மாதிரி உள்பக்கம் பாய்கிறது. கருந்துளைக்குப் பக்கத்தில் அந்த வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகி எக்ஸ் கதிரைக் கக்குகிறது. சேர்த்துவைத்தது குறைந்ததும் வட்டு மறுபடி குளிர்ந்து, மறுபடி சேரத் தொடங்கும்.

இதில் நமக்கு வேண்டிய பகுதி வட்டின் வெளி ஓரம். உள்ளே பிறக்கும் எக்ஸ் கதிரில் ஒரு பங்கு அந்த வெளிப்பகுதியில் விழுந்து அதைச் சூடாக்குகிறது. சூடான வட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாக அதைத் திருப்பித் தருகிறது. அதனால்தான் சாதாரண நாளில் பெரிய தொலைநோக்கிக்கே சிரமமாக இருக்கும் ஒரு புள்ளி, வெடிப்பின்போது ஒரு நடுத்தர அமெச்சூர் தொலைநோக்கிக்குள் வந்துவிடுகிறது.

பொலிவெண் என்ற தலைகீழ்க் கணக்கு

மேற்கொண்டு போவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். வானத்தில் வெளிச்சத்தைப் பொலிவெண்ணால் அளக்கிறார்கள், மேக்னிட்யூட் என்று சொல்வது இதைத்தான். எண் கூடினால் வெளிச்சம் குறைவு. வேகா விண்மீன் ஏறத்தாழ 0, நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு எட்டுவது 6 வரை, பைனாகுலரில் 9 அல்லது 10, 20 செ.மீ. தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் 13 சுற்றி. ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வெளிச்ச வித்தியாசம். இவ்வளவு போதும்.

இப்போது வி404 சிக்னியைப் பாருங்கள். சிக்னஸ் எனும் அன்ன விண்மீன் கூட்டத்தில், சுமார் 7,800 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப் போல ஒன்பது மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்றும் அதோடு ஆறரை நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் ஒரு விண்மீனும் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது பொலிவெண் 18 போல. 2015 ஜூன் 15 அன்று ஸ்விஃப்ட் அதிலிருந்து எக்ஸ் கதிர் வெடிப்பைப் பிடித்தது. அடுத்த சில நாட்களில் அது 11 பக்கம் வந்துவிட்டது, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே அறுநூறு மடங்கு ஏற்றம். அதுவும் நிலையாக நிற்கவில்லை. நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் துடித்து ஏறி இறங்கியது. உலகம் முழுக்க அமெச்சூர்களும் தொழில்முறை வானியலாளர்களும் மாறி மாறிப் பார்த்ததைச் சேர்த்து, கியோட்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று 2016-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. கருந்துளைக்குப் பக்கத்தில் நடக்கும் கொந்தளிப்பை, வெடிப்பின்போது, வெறும் 20 செ.மீ. தொலைநோக்கியால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே பின்தொடரலாம் என்பது அதன் முக்கியமான முடிவு. இந்தத் துறையில் ஆரம்பநிலைக்காரர் ஒருவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

கருந்துளையையே பார்த்துவிட்டதாக யாராவது பெருமையடித்தால் நம்ப வேண்டாம். பார்த்தது சூடான வட்டை. கருந்துளை கருந்துளையாகவேதான் இருக்கிறது.

பெயர்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மாக்ஸி ஜே1820+070 என்று ஒன்று 2018-ல் வந்தது. மாக்ஸி கண்டுபிடித்தது, வலஏற்றம் 18 மணி 20 நிமிடம், நடுவரை விலக்கம் வடக்கே 7.0 பாகை. பூமியில் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி வானத்தில் இடம் சொல்ல இந்த இரண்டு எண்கள். பெயரே முகவரி. இன்னொரு சுவாரசியம், இதை அசாசன் என்ற தரைத் தொலைநோக்கி வலை மார்ச் 6 அன்றே சாதாரண ஒளியில் பிடித்துவிட்டது. மாக்ஸிக்கு எக்ஸ் கதிர் தெரிந்தது மார்ச் 11-ல்தான். வட்டின் வெளிப்பகுதி முதலில் விழித்து, அந்தச் சூடு உள்ளே போய்ச் சேரச் சில நாள் பிடிக்கிறது. அப்படியானால் விண்வெளிக் கருவிகளுக்கு முன்பே தரையிலிருந்து ஒரு சாதாரணத் தொலைநோக்கி இதைப் பிடிக்க வாய்ப்பிருக்கிறது. அதிர்ஷ்டம் வேண்டும், ஒழுங்காகத் தினமும் பார்க்கும் பழக்கம் அதைவிட அதிகமாக வேண்டும்.

வெடிப்பு வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா?

வேண்டாம். எப்போதும் தெரிகிற எக்ஸ் கதிர் மூலங்கள் சிலவற்றில் பழகிக்கொள்ளலாம். சிக்னஸ் எக்ஸ்-1, கருந்துளை என்று பலமாக நம்பப்பட்ட முதல் பொருள். அதோடு சேர்ந்து சுற்றும் நீல விண்மீன் பொலிவெண் 9-க்குப் பக்கத்தில் இருப்பதால் சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும். ஈட்டா சிக்னி என்ற விண்மீனைப் பிடித்தால், அங்கிருந்து அரைப் பாகை தூரத்துக்குள், அதாவது முழுநிலாவின் அகலம் அளவு தள்ளி இருக்கிறது. எக்ஸ் பெர்சி இன்னும் சுலபம். பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் ஜீட்டா பெர்சிக்குத் தெற்கே ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், 6-க்கும் 7-க்கும் நடுவே மெதுவாக மாறிக்கொண்டிருக்கும். பைனாகுலர் போதும். வேகமாகச் சுழலும் சூடான விண்மீன் ஒன்று தன்னைச் சுற்றி வாயு வளையத்தை வைத்திருக்க, ஒரு முழுச் சுழற்சிக்குச் சுமார் 14 நிமிடம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி நியூட்ரான் விண்மீன் அதைச் சுற்றி வருகிறது.

இதே குடும்பத்தில் உண்மையான தற்காலிக மூலம் வேண்டுமென்றால் ரிஷபத்தில் ஏ0535+26 இருக்கிறது. ஜீட்டா டௌரிக்கு வடக்கே ஐந்து பாகை, பொலிவெண் 9 போல. நியூட்ரான் விண்மீன் 111 நாளுக்கு ஒரு சுற்று வரும்போது, துணை விண்மீனின் வாயு வளையத்தை நெருங்கும் சமயங்களில் எக்ஸ் கதிர் வெடிப்பு நடக்கும், எல்லாச் சுற்றிலும் அல்ல. 2020 இறுதியில் வந்தது அசுர வெடிப்பு. ஆனால் ஒன்று, இந்த வகையில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தப் பெரிய விண்மீனின் ஒளிதான், அதனால் எக்ஸ் கதிர் நூறு மடங்கு ஏறினாலும் தொலைநோக்கியில் பெரிய மாற்றம் இருக்காது. வி404 மாதிரி நாடகம் வேண்டுமென்றால் துணை விண்மீன் சின்னதாக இருக்கிற கருந்துளை இரட்டைதான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. எக்ஸ் கதிர் மூலங்கள் பெரும்பாலும் பால்வீதியின் தளத்தில், தனுசு, விருச்சிகம் பக்கம் குவிந்திருக்கின்றன. அங்கே தூசி அதிகம். எக்ஸ் கதிர் அதைத் துளைத்து வந்துவிடும், சாதாரண ஒளிக்கு அந்தத் திராணி இல்லை. அதனால் புது மூலம் வந்திருக்கிறது என்று செய்தி வரும், போய்ப் பார்த்தால் உங்கள் கருவிக்கு எட்டாத மங்கலாக இருக்கும். பெரும்பாலான செய்திகள் இப்படித்தான் முடியும். பத்தில் ஒன்று தேறினாலே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வால்மீன் பக்கம் வருவோம்

வால்மீன் என்ன என்பது பலருக்கும் தெரியும். தூசி கலந்த பனிக்கட்டி, பெரும்பாலும் சில கிலோமீட்டர் அளவு. சூரியனை நெருங்கும்போது பனி நேராக வாயுவாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறி, தலையைச் சுற்றி ஒரு மங்கலான மூட்டத்தை உண்டாக்குகிறது. அதற்குக் கோமா என்று பெயர். வாயு வால் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நீளும், தூசி வால் கொஞ்சம் வளைந்து பின்தங்கும்.

பெயர் வைப்பதில் இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. சி/2023 ஏ3 என்றால் 2023-ல், ஜனவரி முதல் பாதியில் (ஏ என்ற எழுத்து அதைக் குறிக்கும்), கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாவது வால்மீன். முன்னால் பி போட்டிருந்தால் இருநூறு ஆண்டுக்குள் திரும்பி வருகிறவர்.

பாதையைத் துல்லியமாகக் கணக்கிடலாம், வெளிச்சத்தைக் கணக்கிட முடியாது என்று மேலே சொன்னேன். காரணம் எளிது. எவ்வளவு பனி மேற்பரப்பில் வெளிப்பட்டிருக்கிறது, எது எப்போது உடையும், உள்ளே என்ன அடைந்து கிடக்கிறது என்பதெல்லாம் தூரத்திலிருந்து தெரிவதில்லை. 1973-ல் கோஹூடெக் நூற்றாண்டின் வால்மீன் என்று பறைசாற்றப்பட்டு, வந்தபோது சாதாரணமாகப் போனது. 2013-ல் ஐசான், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை, நவம்பர் 28 அன்று சூரியனை மிக அருகில் சுற்றும்போது சிதறிப்போனது. மாறாக மேலே சொன்ன சி/2023 ஏ3, சுசின்ஷான்-அட்லஸ், சூரியனை நெருங்கும் முன்பே உடைந்துவிடும் என்று 2024 நடுவில் கணிக்கப்பட்டும் பிழைத்து, அந்த அக்டோபரில் மாலை வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ஆக, ஆறு மாதத்துக்கு முன்பே 'கண்ணைப் பறிக்கும் வால்மீன்' என்று வரும் தலைப்புகளை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசி இரண்டு வாரத்தில் உண்மையாகப் பார்த்தவர்கள் என்ன எண் சொல்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

எக்ஸ் கதிர் மூலங்களைப் போல வால்மீன்களும் சில நேரம் திடீரென்று வெடிக்கும். 17பி/ஹோம்ஸ் 2007 அக்டோபரில் பொலிவெண் 17-ல் இருந்து இரண்டு நாளுக்குள் 3-க்கும் கீழே வந்தது, கிட்டத்தட்ட ஐந்து லட்சம் மடங்கு ஏற்றம். சின்னத் தொலைநோக்கிக்கு எட்டாமல் இருந்த ஒன்று நகர வெளிச்சத்திலும் பெர்சியஸில் ஒரு புது விண்மீனாக நின்றது. சில வாரத்தில் அதன் தூசி மேகம் சூரியனை விடப் பெரிதாகப் பரவியது. அதன் உட்கரு என்னவோ சில கிலோமீட்டர்தான். இன்னொருவர் 29பி/ஷ்வாஸ்மன்-வாக்மன். வியாழனுக்கு அப்பால் கிட்டத்தட்ட வட்டமான பாதையில் சுற்றுகிறது, சூரியனை நெருங்குவதே இல்லை, ஆனாலும் வருடத்துக்குச் சராசரியாக ஏழு தடவை வெடிக்கிறது. பொறுமைக்காரர்களுக்கு ஏற்ற வால்மீன்.

அந்த வாக்மன் யார் தெரியுமா? ஜெர்மனியில் ஹாம்பர்க் வானாய்வகத்தில் வேலை செய்தவர், இந்த வால்மீனை 1927-ல் ஷ்வாஸ்மனோடு சேர்ந்து கண்டவர். 1938-ல் சிக்னஸில் வந்த ஒரு நோவாவை, அதாவது திடீரென்று பிரகாசமாகும் ஒரு விண்மீனை, பதிவு செய்தவரும் அவரே. அந்த நோவாதான் பின்னாளில் வி404 சிக்னி. கருந்துளை வெடிப்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது, 1989-ல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அதே இடத்தில் எக்ஸ் கதிரைக் கண்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஒரே ஆள், ஒரே பழக்கம், ஒரே மாதிரிப் புகைப்படத் தட்டுகள், இரண்டு வகையும் சிக்கியிருக்கின்றன.

வால்மீனும் எக்ஸ் கதிர் வீசும்

இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1996 மார்ச்சில் ஹ்யாகுடாகே வால்மீன் பூமிக்கு மிக அருகில், சூரியன்-பூமி தூரத்தில் பத்தில் ஒரு பங்கு தூரத்தில், கடந்து போனது. ரோசாட் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளை அதன் பக்கம் திருப்பினார்கள். பனிக்கட்டி எப்படி எக்ஸ் கதிர் வீசும் என்று நீங்கள் கேட்பது நியாயம், அவர்களுக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. ஆனால் வந்தது, கணித்ததை விட நூறு மடங்கு பலமாக, அதுவும் சூரியனைப் பார்த்த பக்கத்தில் பிறை வடிவத்தில்.

விளக்கம் அடுத்த வருடமே ஏறக்குறைய முடிவானது. சூரியனிலிருந்து எப்போதும் சூரியக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. அதில் ஹைட்ரஜனோடு சேர்த்து, பெரும்பாலான எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த ஆக்ஸிஜன், கார்பன் அயனிகளும் கொஞ்சம் உண்டு. இவை வால்மீனின் கோமாவில் உள்ள சாதாரண வாயு மூலக்கூறுகளைக் கடந்து போகும்போது அவற்றிடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கின்றன. பறித்த எலெக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலையில் வந்து உட்கார்ந்து, பிறகு கீழே இறங்கும்போது அந்த ஆற்றலை எக்ஸ் கதிராக விடுகிறது. வெப்பம் எதுவும் தேவையில்லை. கருந்துளை வட்டில் கோடி டிகிரிச் சூட்டில் பிறப்பதும் பனிக்கட்டியின் மேல்மூச்சில் பிறப்பதும் ஒரே வகைக் கதிர், வழிதான் முழுக்க வேறு. அப்புறம் ரோசாட் 1990-91-ல் எடுத்திருந்த பழைய தரவுகளைத் தோண்டிப் பார்த்தால், அங்கேயும் சில வால்மீன்கள் எக்ஸ் கதிரில் பதிவாகிக் கிடந்தன, யாரும் தேடாததால் தெரியவில்லை.

வால்மீனும் எக்ஸ் கதிரும் சந்திக்கும் இன்னொரு இடம் நண்டு நெபுலா, வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சம். 1758-ல் பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே ஒரு வால்மீனைப் பின்தொடரும்போது ரிஷபத்தில் ஒரு மங்கலான பொட்டைக் கண்டு அதையும் வால்மீன் என்று எண்ணினார். நகரவில்லை. இப்படி ஏமாற்றுகிறவற்றை எல்லாம் பட்டியல் போட்டுவிட்டால் தொந்தரவில்லை என்று அவர் தொடங்கிய பட்டியலில் அதுதான் எம்1. வால்மீன் தேடுகிறவர்களைக் குழப்பிய அதே பொட்டு எக்ஸ் கதிரில் வானத்தின் அளவுகோல் ஆகிவிட்டது. கிராப் என்றால் ஆங்கிலத்தில் நண்டு. ஒரு மூலம் 'பத்து கிராப்' என்றால் நண்டு நெபுலாவை விடப் பத்து மடங்கு வெளிச்சம் என்று அர்த்தம். ஏ0535 2020-ல் பத்து கிராப்பைத் தாண்டியது, வி404 2015-ல் ஐம்பது வரை போனது. அளவுகோலாக வைத்திருந்த நண்டே சில சதவீதம் ஏறி இறங்குகிறது என்று 2011-ல் தெரியவந்தது, அது தனிக் கதை.

சரி, எப்படிப் பார்ப்பது?

முதலில் இருட்டு. நிலா இல்லாத இரவு, கண் பழக அரை மணி நேரம், இடையில் கைப்பேசித் திரையைப் பார்க்கக் கூடாது. விளக்கு வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு. இது வால்மீனுக்கு உயிர் போன்ற விஷயம், கேமராவில் விண்மீன் புள்ளியைப் பிடிக்கிறவர்களுக்கு அவ்வளவு இல்லை.

அடுத்து வரைபடம். எக்ஸ் கதிர் மூலத்துக்கு அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர்கள் சங்கமான ஆவ்ஸோவின் தளத்தில் பெயரைக் கொடுத்தால் ஒப்பீட்டு விண்மீன்களோடு படம் கிடைக்கும். அதில் 108 என்று போட்டிருந்தால் பொலிவெண் 10.8. புள்ளி வைத்தால் அதையும் ஒரு விண்மீன் என்று நினைத்துவிடுவோம் என்பதால் விட்டுவிடுகிறார்கள். வால்மீனுக்கு அன்றைய தேதியின் இடத்தைச் சிறுகோள் மையத்தின் தளத்திலோ ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளிலோ எடுத்துக்கொள்ளலாம். ஸ்டெல்லேரியத்தில் வால்மீன் பட்டியலைப் புதுப்பித்த பிறகு பார்க்க வேண்டும், பழைய தரவில் புது வால்மீன் இருக்காது. அது காட்டும் பொலிவெண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கோப்ஸ் என்ற ஸ்லோவேனியத் தரவுத்தளத்தில் உண்மையாகப் பார்த்தவர்கள் கொடுத்த எண்கள் இருக்கின்றன, அதுதான் நிஜம்.

விண்மீன் போலப் புள்ளியாக இருக்கும் எக்ஸ் கதிர் மூலத்தை மதிப்பிடுவது சுலபம். அதைவிடக் கொஞ்சம் வெளிச்சமான ஒரு ஒப்பீட்டு விண்மீன், கொஞ்சம் மங்கலான ஒன்று. முதலாவது 10.8, இரண்டாவது 11.4 என்றால், நம் ஆள் முதலாவதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இருப்பதாகத் தோன்றினால் 11.0. அவ்வளவுதான். கண்ணால் 0.2 வரை துல்லியம் பழக்கத்தில் வந்துவிடும். கேமரா என்றால் மென்பொருள் இதையே நூறில் ஒரு பங்கு வரை செய்யும்.

வால்மீன் அப்படி இல்லை. ஒளி பரவிக் கிடக்கிறது. பொலிவெண் 8 என்று போட்டிருப்பதை நம்பி 8-ஆம் எண் விண்மீன் மாதிரி ஒன்றைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அந்த எண் மொத்த ஒளியையும் ஒரு புள்ளியில் குவித்தால் வருவது. முக்கோண விண்மீன் மண்டலம் எம்33-ஐத் தேடியவர்களுக்கு இது தெரியும், கணக்குப்படி 5.7, நிஜத்தில் நகர ஓரத்திலிருந்து பைனாகுலரில் கூடத் தண்ணீர் காட்டும். அதனால் ஒப்பிடுவதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். வால்மீனைத் தெளிவான குவியத்தில் பார்த்து அதன் அளவையும் வெளிச்சத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு விண்மீன்களைக் குவியம் கலைத்து அதே அளவுக்கு ஊதிப் பார்த்து ஒப்பிடுவது ஒரு முறை. வால்மீனில் மையம் ரொம்பப் பிரகாசமாக இருந்தால் இரண்டையுமே சேர்த்துக் குவியம் கலைத்து ஒப்பிடுவது இன்னொரு முறை. முதல் சில தடவை எண் அங்கும் இங்கும் ஆடும். எந்த முறை, எந்தக் கருவி என்று எழுதிவைத்துவிட்டால் போதும்.

மங்கலானதை நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் தெரியும், விழித்திரையின் ஓரத்தில்தான் மங்கலான ஒளிக்கு உணர்வு அதிகம். அப்படியும் சந்தேகமாக இருந்தால் தொலைநோக்கியை லேசாகத் தட்டிப் பாருங்கள், அசைவில் மங்கல் பொட்டு பளிச்சென்று தெரியும்.

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்மீன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக ஒன்று. மாலையில் சூரியன் முழுதாக மறைந்த பிறகே பைனாகுலரை எடுங்கள், காலையில் உதிக்கும் முன்பே கீழே வையுங்கள். பார்வை போனால் திரும்பாது.

தொலைநோக்கியே இல்லையா? சோஹோ விண்கலம் சூரியனைச் சுற்றியுள்ள பகுதியை எடுக்கும் படங்கள் இணையத்தில் இலவசம். 2024 மார்ச்சில் அதன் 5,000-ஆவது வால்மீன் பதிவானது. பெரும்பாலானவற்றைக் கண்டது வீட்டுக் கணினியில் படம் படமாகப் புரட்டிய சாதாரண ஆட்கள்.

புதிதாக ஒன்றைக் கண்டதாகத் தோன்றினால்

பதறாமல் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பின்னணி விண்மீன்களுக்கு நடுவே நகர்ந்திருந்தால் வால்மீனோ சிறுகோளோ. நகரவில்லை, மூட்டமாக இருக்கிறது என்றால் முதலில் மெஸ்ஸியே பட்டியலைத் திறந்து பாருங்கள், பலருடைய 'கண்டுபிடிப்பு' அங்கேயே முடிந்துவிடும். நகரவில்லை, புள்ளியாகவும் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை என்றால்தான் சுவாரசியம். கேமராவாக இருந்தால் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். லென்ஸுக்குள் தெறித்த ஒளி என்றால் அது விண்மீன்களோடு சேர்ந்து நகராது.

வி616 மோனோசெரோட்டிஸ் இதற்கு நல்ல பயிற்சி இடம். ஓரியனுக்குக் கிழக்கே, வான நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. 1975-ல் ஏரியல்-5 செயற்கைக்கோள் கண்டபோது சூரியனைத் தவிர்த்து வானத்தின் மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் மூலமாகவே அது இருந்தது, சாதாரண ஒளியில் 11-ஐ நெருங்கியது. பிறகு பழைய புகைப்படத் தட்டுகளைத் தேடியதில் 1917-லும் அது வெடித்தது தெரிந்தது. இடைவெளி 58 வருடம். வி404-க்கோ 1938, 1956, 1989, 2015. இதில் எந்த ஒழுங்கையும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். இப்போது வி616 18-ஆம் எண்ணில் அடங்கிக் கிடக்கிறது, 20 செ.மீ. தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அதையும் எழுதிவையுங்கள்: தேதி, உலக நேரம், தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீனின் எண், அதற்கு முன்னால் '<' குறி. '<13.2' என்றால் 13.2-ஐ விட மங்கலாக இருந்தது, எனக்குத் தெரியவில்லை என்று பொருள். இப்படிப்பட்ட 'தெரியவில்லை' பதிவுகளை ஆவ்ஸோ வாங்கிக்கொள்கிறது. அடுத்த வெடிப்பு எந்த இரவில் தொடங்கியது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அவைதான் முதலில் தேவைப்படும்.